அடுப்புக்குப் பின்னால் உள்ள சுவர்

காரைக்குடிப் பக்கம் எங்கள் ஊர் வீட்டில் விறகடுப்பு இருந்தவரை, அதற்குப் பின்னால் உள்ள சுவர் என்ன நிறம் என்று யாரும் கேட்டதில்லை. கரிதான். பொங்கலுக்கு முந்தின வாரம் பானையில் சுட்ட சுண்ணாம்புக் கல்லைப் போட்டுத் தண்ணீர் ஊற்றினால் குபுகுபுவென்று கொதிக்கும். ஆறியதும் வடிகட்டி, துளி நீலம் கலந்து அம்மா மட்டையால் அடிப்பாள். வீடெல்லாம் வெளுத்துவிடும். அடுப்புச் சுவரில் மட்டும் மூன்றாம் நாளே பழுப்பு கசியும்.

1991இல் கேஸ் வந்தது, கடப்பாக்கல் மேடையும் வந்தது. மேடைக்குப் பின்னால் வெள்ளை டைல்ஸ் வேண்டும் என்று அம்மா கேட்டாள். அப்பா கையில் இருந்த காசுக்கு இரண்டு வரிசைதான் முடிந்தது. 6 அங்குலச் சதுரம், 8 அடி மேடை, வரிசைக்கு 16, மொத்தம் 32. அந்தக் கணக்கு அம்மாவுக்கு இன்றும் மனப்பாடம். ஓர் அடி உயரம் எந்த மூலைக்குக் காணும்? கடுகு அதற்கு மேலேதான் தெறிக்கும். மேலே டிஸ்டம்பர், எண்ணெய் பட்டால் குடித்துவிடும். அதனால் தாளித்த கையோடு துணியை எடுத்துச் சுவரைத் துடைப்பாள். சட்டியில் குழம்பு காத்திருக்கும். பிறகு மாதக் காலண்டர் தாளைத் திருப்பி, வெள்ளைப் பக்கம் தெரிய ஒட்டிவைத்தாள். டைல்ஸ் இடுக்கில் வெள்ளை சிமெண்ட் மஞ்சளாகிவிடும். சனிக்கிழமைதோறும் பழைய பல் பிரஷ்ஷில் சபீனா தொட்டு, இடுக்கு இடுக்காகத் தேய்ப்பாள். அந்தக் கர்கர் சத்தத்தில்தான் நான் பாடம் படித்தேன்.

போன வருடம் என் மகள் மதுரையில் வீடு கட்டினாள். டைல்ஸ் பார்க்க அம்மா, மகள், நான் மூவரும் போனோம். குஜராத்தின் மோர்பியிலிருந்து வந்திறங்கிய சரக்கு சுவர் சுவராக நின்றது. மகளுக்கு ஆத்தங்குடிக் கல்லின் மேல் ஆசை. கண்ணாடி மேல் வண்ணச் சிமெண்டை ஊற்றி, சூளையில் சுடாமல், தண்ணீரில் ஊறப்போட்டுக் கெட்டிப்படுத்துகிற கல். தரைக்கு அதைவிட அழகு கிடையாது என்பதுதான் என் கட்சியும்.

அம்மா எதுவும் சொல்லவில்லை. பையிலிருந்து ஒரு பழைய மருந்து பாட்டிலை எடுத்தாள். நல்லெண்ணெயில் மஞ்சள்தூளும் மிளகாய்த்தூளும் குழைத்துக் கொண்டுவந்திருக்கிறாள்!

"தம்பி, மூணு சாம்பிள் துண்டு குடுப்பா, தடவிப் பாக்கணும்."

ஆத்தங்குடிக் கல், சொரசொரப்பான மேட், பளபளப்பான கிளாஸி என்று மூன்றிலும் தடவிவிட்டுக் காபி குடிக்கப் போனோம். திரும்பி வந்தபோது ஆத்தங்குடிக் கல் எண்ணெயைக் குடித்து மஞ்சள் வட்டம் போட்டிருந்தது. மேட் துண்டைத் துடைத்ததும் எண்ணெய் போனது, குழிகளில் மஞ்சள் போகவில்லை. கிளாஸியை முந்தானையால் ஒரு இழுப்பு இழுத்தாள். சுத்தம்.

"இதையே போட்டுக்க தாயி. பெருசா எடு. இடுக்கு கொறையும்."

நிறத்தைப் பார்த்து எடுக்கிறோம். இடுக்கை யார் எண்ணுகிறோம்? 1 அடிக்கு 2 அடி டைல்ஸ் எடுத்தோம். 10 அடி மேடை, லாஃப்ட் வரை 4 அடி உயரம், ஆக 20. ஒரு பெட்டி கூடுதலாக வாங்கச் சொன்னது நான். என் வீட்டில் இரண்டு டைல்ஸ் விரிசல் விட்டு, அதே நம்பரில் வேறு லாட்டிலிருந்து வாங்கிப் பதித்தேன். அந்த இரண்டும் வேறொரு வெள்ளையாக இன்றும் கண்ணை உறுத்துகின்றன.

கொத்தனார் டைல்ஸைத் தண்ணீரில் முக்கி, குமிழி நிற்கும்வரை விட்டார். காய்ந்த டைல்ஸ் கலவையின் ஈரத்தை உறிஞ்சிவிட்டால் பிடிப்பு போய்விடும். பதித்து முடித்ததும் அம்மா ஒரு ரூபாய்க் காசால் ஒவ்வொன்றாகத் தட்டினாள். மூன்றாம் வரிசையில் ஒன்று 'டொக்'கென்றது. எடுத்துவிட்டு மறுபடி பதிக்க வைத்தாள்.

பால் காய்ச்சிய மறுநாள் ரசத்துக்கு அம்மாவே தாளித்தாள். தலைக்கு மேலே, நான்காம் வரிசையில், ஒரு மிளகாய் விதை எண்ணெயோடு ஒட்டி நின்றது. நான் துணியை எடுத்தேன்.

"இருக்கட்டும். மொதல்ல சாப்பிடுவோம்" என்றாள்.