வண்டி சல்லிசு, சாமான் ஒசத்தி

ஏஞ்சாமி, நீ அனுப்பின போட்டோவைப் பார்த்தேன். சிவப்புப் போர்ஷே பாக்ஸ்டர், ரெண்டே சீட்டு, கூரை தொறந்து மூடற மாடல், 2007 வருஷத்துது, பெங்களூருக்காரன் 30 லட்சம் சொல்றான். புதுசா இந்த மாதிரி ஒண்ணு எடுத்தா ரோட்டுக்கு வரும்போது ஒரு கோடி ஆயிரும்னு நீயே வெச்சு, "எழுவது லட்சம் மிச்சம் அப்புச்சி"ன்னு கணக்கும் போட்டு அனுப்பியிருக்கே. உன்ற கணக்கு வாத்தியார் பார்த்தா பூரிச்சுப் போவார். கழித்தல் அத்தனை சுத்தம். கையில இல்லாத ஒரு கோடியில முப்பதைக் கழிச்சு எழுவதை மிச்சம் புடிச்ச ஒரே ஆளு நம்ம வம்சத்துலயே நீதான்.

சங்ககிரியில லாரி வெச்சுப் பொழச்சவன் நானு. லாரிக்காரனுக்கு வண்டி விலைங்கறது மொத பில்லு, அவ்வளவுதான். அதுக்கப்பறம் வர்ற பில்லுங்கதான் அவன் பொழச்சானா கவுந்தானான்னு சொல்லும். ஆனா ஒண்ணு, லாரி சம்பாரிச்சுக் குடுக்கும். நீ வாங்கப்போறது ஞாயித்துக்கெழம காலையில ஒரு காப்பி குடிக்கப் போயிட்டு வர்ற வண்டி. அதைக் குத்தம்னு சொல்லலை. ஆசைக்கு வாங்கறதை லாபத்துக்கு வாங்கறேன்னு மட்டும் என்றகிட்ட சொல்லாதேங்கறேன்.

மொதல்ல புதுசைப் பார்த்துருவோம், பழசை மட்டும் திட்டினா ஓரவஞ்சனை ஆயிரும். ஷோரூம் விலை 90 லட்சம்னு வெச்சுக்கோ. 2023 நவம்பர்ல இருந்து தமிழ்நாட்டுல 20 லட்சத்துக்கு மேல போற காருக்கு ஆயுள் வரி 20 சதம். ஆக 18 லட்சம். அதுக்கு ஒரு ரசீது குடுப்பாங்க, பத்தரமா வெச்சுக்கோ. 18 லட்சத்துக்கு ஒத்தைக் காயிதம் வாங்கின பெருமை எல்லாருக்கும் வாய்க்காது. 10 லட்சத்துக்கு மேல போன வண்டின்னு வருமான வரிக்கு 1 சதம் முன்னாடியே புடிப்பாங்க. அதைப் பின்னாடி கழிச்சுக்கலாம், போவட்டும்.

இப்ப இன்சூரன்ஸ்காரன் கையில இருக்கிற பட்டியலைப் பாரு. ஆறு மாசம் தாண்டின வண்டிக்கு 15 சதம் தேய்மானம், ஒரு வருஷம் தாண்டினா 20, ரெண்டு தாண்டினா 30, மூணு தாண்டினா 40, நாலு தாண்டினா 50. அஞ்சாவது வருஷத்துல அவன் கண்ணுக்கு உன்ற 90 லட்சத்து வண்டி வெறும் 45 லட்சம். சந்தையில முன்னப்பின்ன இருக்கும், ரொம்பத் தள்ளிப் போவாது. போன 45-ம் வரி கட்டின 18-ம் சேர்ந்தா 63 லட்சம். அறுபது மாசத்துக்கு வகுத்துப் பாரு, மாசம் 1,05,000 ரூவா. இதுல பெட்ரோல் இல்லை, சர்வீஸ் இல்லை, டயர் இல்லை. வண்டி துணி போத்திக்கிட்டு ஷெட்டுலயே தூங்கினாலும் இந்த வாடகை ஓடிட்டே இருக்கும். வண்டிக்கும் வரிக்கும் போன 108 லட்சத்தையும் பேங்குல போட்டு 7 சதம் வட்டி வந்தாக்கூட வருஷம் ஏழரை லட்சம். அதையும் நீ கண்டுக்கப் போறதில்லை.

இந்தச் செலவுக்குச் சத்தம் கெடையாது பாரு. பொகை விடாது, நடுரோட்டுல நிக்காது, மேஸ்திரி போன் பண்ணி "சார் ஒரு சின்ன விசயம்"னு இழுக்க மாட்டான். விக்கப் போற அன்னைக்கு ஒருத்தன் வந்து விலை கேப்பான் பாரு, அப்பத்தான் நெஞ்சைப் புடிப்பே. அதனாலதான் புதுசு வாங்கினவன் எவனும் "வண்டி என்னைய தின்னுருச்சு"ன்னு பொலம்பறதில்லை. பழசு வாங்கினவன் மட்டும் ஊரெல்லாம் பொலம்பறான்.

சரி, உன்ற செவலைக்கு வருவோம். வண்டிக்கு வயசானா விலை எறங்கும். சாமானுக்கு வயசே ஆவறதில்லை. கிளட்சு வேணும்னு போனா, "ஏனுங் தம்பி, நீங்க எத்தனைக்கு வாங்கினீங்க"ன்னு விசாரிச்சு அதுக்குத் தக்கன எவனும் விலை போடமாட்டான். பொறக்கும்போது அது எந்தக் குடும்பத்து வண்டியோ அந்தக் குடும்பத்து விலைதான். பிளக்கு ஆறு, காயில் ஆறு, இன்ஜின் ஆயிலே எட்டு லிட்டர் கிட்டக் கேக்கும். 30 லட்சத்துக்கு வாங்கினவன் சாமானும் 30 லட்சத்து வண்டி விலையில வரும்னு நம்பறான் பாரு, அங்கதான் வழுக்குது.

அப்பறம் அந்த இன்ஜின். முன்மூடியைத் தொறந்தா பொட்டி வைக்கிற எடம், பின்மூடியைத் தொறந்தாலும் பொட்டி வைக்கிற எடம். சீட்டுக்கும் பின் ஆக்ஸிலுக்கும் நடுவுல ஒளிச்சு வெச்சிருக்கான். ஒழுங்கா வேலை பார்க்கணும்னா லிஃப்டுல ஏத்தி அடியில போவணும். நம்மூர்ப் பட்டறையில டேப்பைக் கட்டிப் பார்க்கற சோலியெல்லாம் அங்க நடக்காது.

அதுக்குள்ள இன்டர்மீடியட் ஷாஃப்டுன்னு ஒரு தண்டு. 2008 வரைக்கும் வந்த பாக்ஸ்டர் எல்லாத்துலயும் இருந்துச்சு. அந்தத் தண்டோட ஒரு முனையில ஒரு பேரிங். அது ஒடஞ்சா டைமிங் தவறும், வால்வு போயி பிஸ்டன்ல மோதும், இன்ஜின் முழுசும் காயலாங்கடைக்கு. எல்லா வண்டியிலயும் ஒடையறதில்லை, பொய் சொல்லக்கூடாது. ஆனா அமெரிக்காவுல இதுக்குன்னே வழக்குப் போட்டு, 2001-ல இருந்து 2005 வரைக்குமான மாடலுக்குக் கம்பெனி சமாதானத்துக்கு வந்துச்சு. அந்தப் பழைய மாடல்ல கிளட்சுக்குன்னு கியர்பாக்ஸை எறக்கும்போதே பேரிங்கையும் மாத்திருவாங்க. எறக்கற கூலி ஒண்ணுதானே. நீ பார்த்திருக்கிற 2007-ல பேரிங் பெருசு, ஒடையறது கொறச்சல். ஆனா மாத்தணும்னு வந்தா இன்ஜினையே ரெண்டாப் பொளக்கணும். 2009-ல வந்த புது இன்ஜின்ல அந்தத் தண்டே கெடையாது. ரெண்டு வருஷ வித்தியாசத்துல என்ன கெடக்குதுன்னு கேட்டியே, இது கெடக்குது.

"இன்சூரன்ஸ் இருக்குதே"ங்காதே. மோதினா தருவான், திருடு போனா தருவான். தானா ஒடஞ்ச பேரிங்குக்குத் தரமாட்டான். மெக்கானிக்கல் பிரேக்டவுன் சேராதுன்னு பாலிசியிலயே அச்சடிச்சிருக்கும். இத்தனை வயசான வண்டிக்கு, தேய்மானம் கழிக்காம சாமான் காசு தர்ற நில் டெப் கெடைக்கிறது குதிரைக்கொம்பு. அது இல்லைன்னா பம்பர் ஒடஞ்சாலும் பிளாஸ்டிக்குல பாதிக் காசு உன்றது. செட்டிபாளையம் ரேஸ் டிராக்குல ஒரு ரவுண்டு அடிக்கலாம்னு நெனைப்பு இருந்தா, அங்க ஆவற சேதத்துக்கு ஒத்தப் பைசா வராது.

கூரைக்கும் ஒரு கதை இருக்குது. துணிக்கூரையில விழற தண்ணி எறங்கறதுக்குச் சின்னச் சின்ன ஓட்டை வெச்சிருப்பான். நம்மூட்டு வேப்பமரத்தடியில நிறுத்துவே, எலை விழுந்து ஓட்டை அடையும். ஐப்பசி மழையில தண்ணி உள்ளார எறங்கி சீட்டுக்கு அடியில தேங்கும். அந்த சீட்டுக்கு அடியிலதான் சாவியை அடையாளம் காங்கிற எலக்ட்ரானிக் பொட்டியை வெச்சிருக்கான் ஜெர்மன்காரன். அவனூர்ல வேப்பமரம் இல்லை, பாவம்.

"18 வருஷத்துல 22,000 கிலோமீட்டர்தான் ஓடியிருக்குது"ன்னு நாலு எடத்துல கோடு போட்டு எழுதியிருக்கே. ஓடின வண்டியைக் காட்டிலும் நின்ன வண்டி பொல்லாதது, லாரிப்பட்டறையில சின்னப் பசங்களுக்கே தெரியும். ஆயில் சீல் காயும், ரப்பர் வெடிக்கும், டயர் கல்லாப் போவும். சந்தையில மாட்டைப் பல்லு புடிச்சுப் பார்க்கற மாதிரி டயர் பக்கவாட்டுல கடைசி நாலு நம்பரைப் பாரு. 2316-ன்னு இருந்தா 2016-ம் வருஷம் 23-வது வாரத்துல செஞ்சது. பட்டன் பளபளன்னு இருந்தாலும் அந்த டயர் குப்பைக்குத்தான். முன்னாடி ஒரு அளவு, பின்னாடி ஒரு அளவு, மாத்திப் போட்டு ஓட்டவும் முடியாது. ஸ்டெப்னியும் கெடையாது, பஞ்சரானா ஊத்தறதுக்கு ஒரு பாட்டல் குடுத்திருப்பான். ஸ்டெப்னி இல்லாம நாங்க சங்ககிரி பைபாஸைத் தாண்டினதில்லை. நீ மைசூர் தாண்டப் போறே.

பெட்ரோல் வேற. பங்குல இப்பக் கெடைக்கிறது 20 சதம் எத்தனால் கலந்தது, 2007 வண்டி அதை நெனைச்சுச் செஞ்சது இல்லை. வேகத்தடையைப் பத்தி நான் சொல்ல வேண்டியதில்லை. ரோட்டுக்கு விதி எழுதற இந்தியன் ரோட்ஸ் காங்கிரஸ் 10 சென்டிமீட்டர் ஒசரம்னு எழுதி வெச்சிருக்குது. நம்மூர்ல போட்டவன் அதைப் படிக்கலை.

இனி காயிதம். வண்டிக்கு 15 வருஷம் தாண்டிருச்சு. ஆர்.சி.யைப் புதுப்பிச்சிருக்கானான்னு பாரு. எறக்குமதி காருக்கு அந்தக் கட்டணம் 2022 ஏப்ரல்ல இருந்து 40,000 ரூவா. கர்நாடகா நம்பரை இங்க கொண்டாந்து ஒரு வருஷத்துக்கு மேல வெச்சிருந்தா என்.ஓ.சி. வாங்கி நம்பரை மாத்தணும், இங்கயும் வரி கட்டணும்.

இத்தனை சொன்னதும் அப்புச்சி புதுசைத்தான் வாங்கச் சொல்றார்னு நெனைச்சுக்காதே. பழசுக்கும் கணக்கைப் போட்டுப் பாரு. அஞ்சு வருஷத்துல விலையில 10 லட்சம் எறங்கட்டும், பட்டறைக்குத் தாராளமா 15 லட்சம் போவட்டும். மொத்தம் 25 லட்சம், மாசம் 42,000 கிட்ட. புதுசுல ஆவறதுல பாதிகூட இல்லை. கணக்குல செவலைதான் ஜெயிக்குது, ஒத்துக்கறேன்.

ஆனா அந்த 15 லட்சம் மாசாமாசம் தேதி சொல்லிட்டு வராது. ரெண்டு வருஷம் ஒண்ணும் கேக்காம ஓடும், நீயும் அப்புச்சி பயமுறுத்திட்டார்னு சிரிப்பே. அப்பறம் ஒரு செவ்வாக்கெழம ஆறு லட்சம் கேக்கும். அன்னைக்கு அது கையில இருந்தா வண்டி உன்றது. இல்லைன்னா வண்டி பட்டறை மூலையில கெடக்கும், நீ ஆட்டோவுல போவே. பழைய ஸ்போர்ட்ஸ் காருங்க பாதி விலைக்கு சந்தைக்கு வர்றது பெரும்பாலும் இந்த ஆறு லட்சம் இல்லாத ஆளுங்ககிட்ட இருந்துதான். உன்ற பெங்களூருக்காரன் ஏன் விக்கறான்னு கேட்டியா? "ஊட்டுல எடம் பத்தலை"ன்னானாமா? எல்லாரும் அதைத்தான் சொல்லுவாங்க.

உன்ற கையில இருக்கிறது 18 லட்சம், மீதிக்கு லோனுங்கறே. பழைய காருக்குப் பேங்குல வட்டி கூட. ஆக பட்டறைக்குன்னு உன்றகிட்ட இருக்கிறது பூஜ்யம். அதனால இந்த வண்டி வேண்டாம் கண்ணு, இப்பத்திக்கு எதுவும் வேண்டாம். 40 லட்சம் சேரட்டும். 30-க்கு வண்டி பாரு, 2009-க்கு அப்பறம் வந்த இன்ஜினா பாரு. சிலிண்டருக்குள்ள கேமரா விட்டு கீறல் இருக்குதான்னு பார்க்கச் சொல்லு, ஆயில் ஃபில்ட்டரை அறுத்துத் தூள் மின்னுதான்னு பார்க்கச் சொல்லு. கம்ப்யூட்டரை மாட்டினா பழைய மொதலாளி இன்ஜினை எத்தனை தரம் அளவுக்கு மீறி முறுக்கினான்னு அதுவே காட்டிக்குடுக்கும். சர்வீஸ் பில்லு இல்லாத வண்டியை ஓசிக்குக் குடுத்தாலும் தொடாதே.

மிச்சம் 10 லட்சத்தை அம்மிச்சி பேருல பேங்குல போட்டுரு. அவகிட்டக் கையெழுத்து வாங்கறது லேசுப்பட்ட சோலி இல்லை. வண்டிக்கு நெசமாலுமே நோவு வந்தாத்தான் போடுவா, ஸ்டீரிங்குக்குத் தோலு மாத்தறேன்னு போனா போடமாட்டா.