காரடி ஈரம்: ஓர் அளவையியல் ஆய்வு

மோட்டார் வண்டியின் எஞ்சின் தன் இயல்பான சூட்டைக் கடந்து கொதிக்கும் நிலை, உலக வழக்கில் ஓவர்ஹீட் எனப்படும். இது காண்டல், கருதல், உரை என்னும் மூவகை அளவைகளால் அறியப்படும். காண்டலாவது, டாஷ்போர்டிலுள்ள டெம்பரேச்சர் முள் சிவப்புக் கோட்டைத் தொடுதல். கருதலாவது, பானட்டின் இடுக்கில் எழுவதைக் கண்டு உள்ளே நெருப்புண்டு எனத் துணிதல். எழுவது புகையன்று, நீராவியே; ஆதலால், புகையுடைய மலையில் நெருப்புண்டு என்னும் தருக்க நூலாரின் பழைய எடுத்துக்காட்டு, மலையில் செல்லுபடியாயினும், கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளில் ஏறும் வண்டிக்குச் செல்லாது. உரையாவது, எதிரே வரும் லாரி ஓட்டுநர் கை நீட்டிச் சொல்லிப் போதல்.

இந்நோய்க்குக் காரணம் ஐந்து. தெர்மோஸ்டாட் என்னும் வெப்பக் கதவு திறவாமை ஒன்று. ரேடியேட்டர் விசிறி சுழலாமை ஒன்று. வாட்டர் பம்ப் தளர்தல் ஒன்று. ரேடியேட்டர் அடைபடுதல் ஒன்று. இந்நான்கும் பழுதுற்ற உறுப்பைச் செப்பனிட்டாலோ மாற்றினாலோ தீர்ந்துவிடுதலின், ஆய்வுக்கு உகந்தன அல்ல.

ஐந்தாவதாகிய கூலன்ட் ஒழுகலே அறிஞர்க்கு வாழ்வளிப்பது. கூலன்ட் என்பது எத்திலீன் கிளைக்காலும் நீரும் ஏறத்தாழச் சரிபாதியாகக் கலந்து, சாயமும் துருத்தடுப்பு மருந்தும் சேர்ந்த குளிர்விப்பு நீர்மம். வண்டி நின்ற இடத்தில் காணும் ஈரம் இதுவா, ஏசியிலிருந்து சொட்டிய வெறும் நீரா என்பதே வினா. பச்சையாயின் கூலன்ட் என்றனர் பச்சை மதத்தார். இளஞ்சிவப்பும் கூலன்டே என்றனர் சிவப்பு மதத்தார். குழாய்த் தண்ணீரையே ஊற்றி ஓட்டுவோர் பலராதலின் நிறமற்றதும் ஒழுகலே என மூன்றாமவர் இரு திறத்தாரையும் மறுத்தனர். கூலன்ட் இனிக்கும் என்பதால் நாவால் அறியலாம் என்ற நான்காம் மதத்தார், எத்திலீன் கிளைக்கால் நஞ்சாதலின், தம் கொள்கையை நிறுவ எஞ்சவில்லை.

இவ்வழக்கின் மூலநூல் கிடைத்திலது. அதன் உரை கரையானுக்கு இரையாயிற்று. அவ்வுரைக்கு எழுந்த மறுப்பின் மறுப்பு மட்டும், கிழிந்த சர்வீஸ் பில் ஒன்றின் பின்புறத்தில், கிரீஸ் படிந்த நிலையில் கிடைத்துள்ளது. கிரீஸ் மறைத்த நான்கு எழுத்துகளை ஊகித்து நிரப்பியவர்க்கு ஒரு முனைவர் பட்டமும், அவ்வூகம் பிழையென நிறுவியவர்க்கு மற்றொன்றும், இருவரும் மேற்கோள் காட்டியது தம் நூலையே என எடுத்துரைத்தவர்க்குக் கட்டாய ஓய்வும் அளிக்கப்பட்டன என்பர். எல்லா மதத்தாரும் ஒன்றில் மட்டும் உடன்பட்டனர்: வண்டிக்கடியில் குனிந்து பார்த்தல் ஆய்வு நெறிக்கு இழுக்கு.

தரையில் ஈரமே இல்லாத ஒழுகலும் உண்டு. எஞ்சினின் தலைப்பகுதிக்கும் அடிப்பகுதிக்கும் இடையே கசிவைத் தடுக்கும் ஹெட் கேஸ்கெட் பழுதுற்றால், கூலன்ட் உள்ளேயே எரிந்து சைலன்சரில் வெண்புகையாக வெளிவரும்; சில வேளை எஞ்சின் ஆயிலோடு கலந்து அதைப் பால் காபி போலாக்கும். கால்வைக்கும் விரிப்பு நனைந்து இனிய மணம் வீசின், ஹீட்டர் கசிகிறது எனக் கொள்க. மஞ்சள்தூளை ரேடியேட்டரில் இடும் பரிகாரம் சிற்றோட்டையை ஊர் போய்ச் சேரும்வரை அடைக்கும். பின்னர் ரேடியேட்டரையும் அடைக்கும்.

சூடான எஞ்சினில் ரேடியேட்டர் மூடியைத் திறக்கலாகாது. திறந்த கலத்தில் ஏறத்தாழ 106 டிகிரி செல்சியஸில் கொதிக்கும் அக்கலவை, மூடியின் 15 பிஎஸ்ஐ அழுத்தத்தில் ஏறத்தாழ 129 டிகிரிவரை கொதியாது அடங்கியிருந்து, திறந்தவுடன் திறந்தவர் முகத்தில் பொங்கும். எஞ்சின் ஆறியபின், மூடியிருந்த இடத்தில் கைப்பம்பைப் பொருத்தி, மூடியில் குறித்துள்ள அளவுக்குக் காற்றேற்றி, பம்பின் அழுத்தமானி முள் இறங்குகிறதா எனக் கண்டு, எங்கே சொட்டுகிறது என மெக்கானிக் குனிந்து பார்த்துச் சொல்லிவிடுவார். ஆதலின் அவர் ஆய்வாளர் எனக் கொள்ளப்படார்.