இருபதடி உயரத்துப் பெரியவர்

விஸ்கான்சின் மாநிலத்தில் நவம்பர் பிறந்துவிட்டால் இந்தப் பெரியவரை ஊருக்கு ஊர் பார்க்கலாம். வயது ஐம்பத்தைந்துக்கு மேல். தாடி உண்டு, தொப்பை அதற்குச் சற்று முன்னால் போகும். தேங்ஸ்கிவிங் பண்டிகைக்கு முந்தின சனிக்கிழமை அங்கே துப்பாக்கி மான்வேட்டை தொடங்குகிறது. ஒன்பது நாள். அந்த ஒன்பது நாளுக்காக மீதி 356 நாளையும் எப்படியோ கழித்துக்கொண்டிருப்பவர் இவர். அந்த வாரத்தில் கல்யாணம் வைக்க இவர் குடும்பத்தில் யாருக்கும் துணிவு கிடையாது. வைத்தாலும் மாப்பிள்ளை வரமாட்டான். அவனும் காட்டில்தான் இருப்பான்.

வெள்ளைவால் மானுக்கு மூக்குதான் காவல். ஆகவே பெரியவர் வாசனையில்லாத சோப்பில் குளிப்பார். வேட்டை உடுப்பை வாசனையில்லாத சோப்புத்தூளில் துவைப்பார். உள்ளே உலர்த்தினால் தாளிப்பு வாடை ஒட்டும் என்று வெளியே கொடியில் போட்டு, காய்ந்ததும் காட்டுச் சருகோடு சேர்த்து டப்பாவில் அடைத்து வைப்பார். பெண்மானின் மூத்திரத்தைக் குப்பியில் அடைத்து விற்கிறார்கள். அதையும் காசு கொடுத்து வாங்கி ஃப்ரிட்ஜில் பாலாடைக்கட்டிக்குப் பக்கத்தில் வைப்பார். அவர் மனைவி அதைப்பற்றிப் பேசுவதை நிறுத்திப் பல வருஷமாகிறது. இத்தனை ஆசாரமாகக் கிளம்பியவர், வழியில் பெட்ரோல் பங்கில் இறங்கிச் சூடாக ஒரு சாசேஜ் சாண்ட்விச் சாப்பிடுவார். அது மட்டும் மானுக்குத் தெரியாது என்பது அவர் நம்பிக்கை.

துப்பாக்கியைப் பிரித்துத் துடைப்பார். தொலைநோக்கியின் குறி சரியா என்று சுட்டுப் பார்ப்பார். மரத்தில் கட்டிய கேமராவுக்குப் புது பேட்டரி. எந்தத் திசைக் காற்றுக்கு எந்த மரம் என்று ஒரு நோட்டே வைத்திருக்கிறார். அவர் பார்க்காத பொருள் ஒன்றே ஒன்றுதான். தோள், மார்பு, தொடை எல்லாவற்றையும் சுற்றிவந்து, இருபதடி உயரத்துப் பரணில் அவரை மரத்தோடு பிணைத்து வைக்கும் ஹார்னஸ்.

அது கராஜில், புல்வெட்டும் எந்திரத்துக்கு மேலே ஓர் ஆணியில் தொங்குகிறது. பரண் வாங்கியபோது பெட்டிக்குள்ளேயே இனாமாக வந்தது. இனாமாக வந்ததை யார் மதிப்பார்கள்? போன வருஷ வியர்வையின் உப்பு அதில் அப்படியே இருக்கிறது. எலிக்கு அது விருந்து. வெயில் பட்ட பக்கம் நாடா வெளுத்திருக்கிறது. தொடைவாரின் தையலில் நூல் பிரிந்திருக்கிறது. உள்பக்கத்தில் ஒரு லேபிள் உண்டு. தயாரித்த தேதி அதில் இருக்கும். பெரும்பாலான தயாரிப்பாளர்கள் அதிலிருந்து ஐந்து வருஷம்தான் கெடு வைக்கிறார்கள். ஒரு தரம் விழுந்து தாங்கிவிட்டாலும் அதோடு அதன் ஆயுள் முடிந்தது. கடையில் பால் வாங்கும்போது மூக்குக்கண்ணாடி போட்டுத் தேதி படிக்கிறவர், இந்த லேபிளைத் திருப்பிப் பார்த்ததே இல்லை.

மகளும் வேட்டைக்கு வருகிறாள். அவளுக்குச் சட்டப்படி ஒரு வகுப்பு இருந்தது. 1973 ஜனவரி 1 அன்றோ அதற்குப் பின்னோ பிறந்தவர்கள் வேட்டைப் பாதுகாப்புப் பாடத்தில் தேறினால்தான் அந்த மாநிலத்தில் உரிமம். பெரியவர் அதற்கு முன்பே பிறந்துவிட்டார். பாடம் படிக்காமல் தப்பியதையே ஒரு பட்டமாக வைத்திருக்கிறார்.

"அப்பா, லேபிளைப் பாத்தீங்களா?"

"முப்பது வருஷமா மரம் ஏறுறேன். ஒரு தரம் விழுந்திருக்கேனா?"

"விழுந்தவங்க எல்லாரும் முந்தின நாள் வரைக்கும் இதையேதானப்பா சொல்லியிருப்பாங்க."

இதற்குப் பெரியவரிடம் பதில் இல்லை. பதில் இல்லாத இடத்தில் அவர் எப்போதும் செய்வதையே செய்தார்: காபி கேட்டார்.

நியாயமாகச் சொன்னால், மகளின் வற்புறுத்தலுக்காக அவர் ஹார்னஸை மாட்டிக்கொள்வதுண்டு. மாட்டுகிற விதம்தான் அலாதி. ஏணியில் ஏறும்போது மரத்தோடு பிணைக்கமாட்டார். மேலே போய் உட்கார்ந்து, மூச்சு வாங்கி, மூக்கைச் சிந்தி, அப்புறம்தான் கொக்கியை மாட்டுவார். வீட்டுவாசலில் வண்டியை நிறுத்திவிட்டு சீட்பெல்ட் போடுவது போலத்தான் இது. விழுகிறவர்களில் பெரும்பாலோர் ஏறும்போதும், இறங்கும்போதும், ஏணியிலிருந்து பரணுக்குக் காலை மாற்றும்போதும்தான் விழுகிறார்கள். தரையிலிருந்து மேலே வரைக்கும் ஒரு கயிறு கட்டி, அதில் நகரும் முடிச்சோடு நம்மை இணைத்துக்கொண்டு ஏறலாம். மகள் அப்படித்தான் ஏறுகிறாள். பெரியவர் அதைப் பார்த்து, "ஊஞ்சலாடவா வந்தே?" என்கிறார்.

சட்டமும் அவர் பக்கம்தான். துப்பாக்கி வேட்டைக்காரர் இடுப்புக்கு மேலே பாதியாவது பளிச்சென்ற ஆரஞ்சு உடுத்தவேண்டும் என்கிறது. 2016 முதல் பளிச்சென்ற பிங்க்கும் செல்லும். ஹார்னஸை அவரவர் புத்திக்கு விட்டுவிட்டார்கள்.

ராத்திரி கேம்ப்பில் பிராந்தியும் ஷீப்ஸ்ஹெட் சீட்டாட்டமும் களைகட்டும்போது விழுந்த கதைகள் வரும். விழுந்தது எப்போதும் இன்னொருவன். பக்கத்து ஊர்க்காரன், மைத்துனனின் நண்பன், குடித்திருந்தவன். பரண் பட்டையை அணில் கடித்துவிட்டது, போன வருஷம் கட்டிய பட்டை மரம் பருத்ததில் விம்மித் தெறித்துவிட்டது என்று காரணங்களும் வரும். சொல்கிறவர்களின் பரண்களும் போன வருஷம் கட்டியவைதான், காட்டில் அப்படியே நிற்கின்றன. அதை மட்டும் யாரும் பேசுவதில்லை.

ஹார்னஸ் தாங்கிவிட்டாலும் கதை அங்கே முடிவதில்லை. தொங்குகிறவனுக்குக் காலில் ரத்தம் தேங்கி, சில நிமிடத்திலேயே தலை சுற்ற ஆரம்பிக்கலாம். கூடவே வரும் ஒரு சின்ன வாரைக் காலுக்கு வளையமாகப் போட்டு மிதித்து நிற்கவேண்டும். பெரியவர் அந்த வாரில் சாவிக்கொத்தைக் கட்டியிருக்கிறார். உதவிக்குக் கூப்பிடலாம் என்றால், மணி அடித்தால் மான் ஓடிவிடும் என்று போனை மரத்தடிப் பையில் வைத்துவிட்டுத்தான் ஏறியிருப்பார்.

இவரைத் திருத்த முடியாது. ஆனால் நவம்பரில் அந்தப் பக்கம் விருந்தாளியாகப் போகிறவர்கள் ஓர் உபகாரம் செய்யலாம். பெரியவர் தூங்கும்போது கராஜுக்குப் போய் அந்த லேபிளைத் திருப்பிப் பாருங்கள். கெடு தாண்டியிருந்தால் புதிதாக ஒன்று வாங்கி அதே ஆணியில் மாட்டிவிடுங்கள். பழையதைக் கத்திரிக்கோலால் துண்டு துண்டாக வெட்டிப் போடுங்கள். முழுசாகக் குப்பையில் போட்டால், "நல்லாத்தானே இருக்கு" என்று எடுத்துவந்து அதைத்தான் மாட்டிக்கொண்டு ஏறுவார்.