காது கிழிந்த ஆடு

கதை எழுதச் சொன்னால் நம் பிள்ளைகள் கதையைத் தவிர மற்றதையெல்லாம் கேட்பார்கள். "எத்தனை பக்கம் சார்?" "மார்ஜின் போடணுமா?" "தலைப்புக்குக் கீழ ஒரு கோடா, ரெண்டு கோடா?" கோவில்பட்டியில் மே மாதத்து வெயிலில், ஒரு நூலகத்தின் மாடியில் கதை எழுதச் சொல்லித்தருகிறேன் என்று ஒப்புக்கொண்டிருந்தேன். இவற்றுக்குப் பதில் சொல்லி முடிப்பதற்குள் சுக்குக் காப்பி வந்துவிட்டது.

அப்புறம் ஒரு சின்னக் குரல்: "நீதி கட்டாயமா சார்?"

கட்டாயமில்லை என்றேன். யாரும் நம்பவில்லை. ஒரு சிறுமி வெகுநேரம் பென்சிலைக் கடித்துவிட்டுத் தாளை நீட்டினாள். அடிவரியில் "நீதி: பேராசை பெருநஷ்டம்" என்று இருந்தது. மேலே முழுக்க வெள்ளை. கதை எங்கேம்மா?

"அது வரல சார். நீதி மட்டுந்தான் வந்துச்சு."

அவளைக் குறை சொல்ல முடியாது. முன்னுரை, பொருளுரை, முடிவுரை என்று மூன்று அறை கட்டிக்கொடுத்து, ஒவ்வொன்றிலும் என்ன இருக்க வேண்டும் என்று குறிப்புச்சட்டகமும் கொடுத்து வளர்த்திருக்கிறோம். தீபாவளி பற்றி எழுதச் சொன்னால் முப்பது பேரும் அதிகாலையில் எழுந்து எண்ணெய் தேய்த்துக் குளித்துப் புத்தாடை அணிகிறார்கள். ரம்ஜான் கொண்டாடும் வீட்டுப் பையன் ஒருவனும் தேய்த்திருந்தான். உங்க வீட்டிலயாப்பா என்றேன். "வீட்ல இல்ல சார், நோட்ஸ்ல."

இத்தாலியில் ஜான்னி ரொடாரி என்றொருவர் இருந்தார். குழந்தைகளுக்கு எழுதுவதற்காக 1970-இல் ஆண்டர்சன் விருது வாங்கியவர். கதை கட்டும் வித்தையைப் பற்றி 1973-இல் தனிப் புத்தகமே போட்டார். அதில் ஒரு வழி சொல்கிறார்: ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாத இரண்டு சொற்களைப் பக்கத்தில் பக்கத்தில் வை, கதை தானாகப் பிறக்கும். அவர் நாயையும் அலமாரியையும் வைத்தார். நான் கரும்பலகையில் "போலீஸ்காரர்", "இட்லிக் கொப்பரை" என்று எழுதினேன்.

இரண்டு நிமிடத்தில் எல்லாரும் முடித்துவிட்டார்கள். போலீஸ்காரர் இட்லி சாப்பிட்டார். சுபம்.

ரொடாரி பொய்த்துவிட்டார் என்று நினைத்த நேரத்தில் பின்வரிசையிலிருந்து ஒருவன், "காசு குடுத்தாரா?" என்று கேட்டான். உடனே ஓட்டல் வைத்திருப்பவர் மகன் எழுந்து, "அதெப்படிக் குடுப்பாரு?" என்றான். போலீஸ்காரர் மகளும் ஒருத்தி வகுப்பில் இருந்தாள். அப்புறம் என் கையில் ஒன்றும் இல்லை.

அமெரிக்கக் கவிஞர் கென்னத் காக் இன்னும் துணிச்சல்காரர். நியூயார்க்கில் ஒரு தொடக்கப் பள்ளிக்குப் போய்க் கவிதை சொல்லித்தந்தவர், பிள்ளைகளைப் பொய்யாகவே எழுதுங்கள் என்று விட்டார். அந்த அனுபவத்தை எழுதி 1970-இல் வந்த புத்தகத்தின் தலைப்பிலேயே பொய் இருக்கிறது. நானும் அதைச் சொல்லிப் பார்த்தேன். ஒரே அமைதி. ஒருவன் மட்டும் கேட்டான்: "அம்மாகிட்ட காட்டுவீங்களா?"

நியூயார்க்கில் அம்மாக்கள் எப்படியோ, எங்கள் ஊரில் பொய்க்கென்று ஒரு முறையான வடிவம் வேண்டியிருக்கிறது. அப்போதுதான் விடுப்பு விண்ணப்பம் நினைவுக்கு வந்தது. அனுப்புநர், பெறுநர், மதிப்பிற்குரிய ஐயா. தமிழ்ப் பிள்ளைகள் பயமில்லாமல் புளுகுகிற ஒரே உரைநடை அது. ஒரே ஒரு குறை, கற்பனை வறட்சி. எல்லாருக்கும் காய்ச்சல்தான் வரும், அல்லது பாட்டி சாவாள். அதிலும் சில பாட்டிகள் பருவத்துக்கு ஒரு முறை.

ஆகவே சட்டம் போட்டேன். காய்ச்சல் கூடாது, பாட்டியைத் தொடக்கூடாது, தலைமையாசிரியர் நம்ப வேண்டும். தலைமையாசிரியராக வகுப்பு முழுவதும் உட்காரும்.

ஆறாம் வகுப்புப் பையன் ஒருவன் வாசித்தான். எங்கள் ஆடு நாளை குட்டி போடும், அப்பா வெளியூர் போயிருக்கிறார், அம்மாவுக்கு ரத்தத்தைக் கண்டால் மயக்கம், எனவே நான் வீட்டில் இருந்தாக வேண்டும்.

"போன மாசமும் ஆடு குட்டி போடுதுன்னுதானல லீவு போட்ட?"

"போட்டேன்."

வெள்ளாடு வளர்க்கும் வீட்டுப் பெண் ஒருத்தி சும்மா விடவில்லை. "சினை அஞ்சு மாசம்ல. மாசா மாசம் போட அது என்ன கோழியா?"

பையன் தாளை வாங்கிக்கொண்டு உட்கார்ந்தான். திரும்பி வந்தபோது ஆடு இரண்டாகியிருந்தது. இரண்டாவது ஆட்டுக்கு இடது காது கிழிந்திருந்தது, கருவேல முள்ளில் மாட்டியதாம். தலைச்சன் சினை, அதனால் பயப்படுமாம், அவன் பக்கத்தில் இருந்தால்தான் நிற்குமாம். வகுப்பு விடுப்பை வழங்கியது. குட்டியைப் பார்க்க எப்போது வரலாம் என்று அந்தப் பெண்ணே கேட்டாள்.

நான் ஒரு வாரம் பேசியும் புரியவைக்க முடியாததை அவள் ஒரே அதட்டலில் செய்துவிட்டாள். பிள்ளைகளுக்கு மார்க் போடுகிறவர்கள் எக்கச்சக்கமாக இருக்கிறார்கள், சந்தேகப்படுகிறவர்கள்தான் இல்லை. நம்பாத ஒருத்தி எதிரே உட்கார்ந்தால் கிழிந்த காது தானாக முளைக்கிறது. பக்கத்து இடைசெவலில் எழுத்தாளர் கி. ராஜநாராயணன் அப்படித்தான் தேறியிருப்பார் என்பது என் ஊகம். கதை கேட்கும் கரிசல்காட்டு ஆட்கள் 'உம்' கொட்டுவதோடு நிறுத்தமாட்டார்கள், குறுக்கே கேட்பார்கள். பள்ளிப் படிப்பை முடிக்காத அவரைப் புதுவைப் பல்கலைக்கழகம் பேராசிரியராகவே அழைத்துக்கொண்டது. இதைப் பிள்ளைகளிடம் நான் சொல்லவில்லை. பெற்றோர் கூட்டம் பாக்கி இருந்தது.

அந்தக் கூட்டத்தில் ஓர் அம்மா கேட்டார், "கதை எழுதினா பின்னால எதுக்கு சார் ஆகும்?" குழந்தைக் கவிஞர் அழ. வள்ளியப்பா இந்தியன் வங்கியில் வேலை பார்த்துக்கொண்டேதான் எழுதினார் என்றேன். அவர் முகம் மலர்ந்தது. "அப்ப பேங்க் எக்ஸாமுக்கு உதவும்னு சொல்லுங்க."

கதைகளைச் சுவரில் ஒட்டுவதாக ஏற்பாடு. பிழை திருத்திக்கொண்டு வாருங்கள் என்று வீட்டுக்குக் கொடுத்தனுப்பியிருந்தேன். பெரியவர்கள் திருத்தினார்கள். போலீஸ்காரர் ஒழுங்காகக் காசு கொடுத்து, வாசலில் ஒரு மரக்கன்றும் நட்டுவிட்டுப் போனார்.

ஆட்டுக்காரப் பையனின் விண்ணப்பம் மட்டும் யார் கையும் படாமல் தப்பியிருந்தது. அவன் அம்மா அதைச் சுவரில் பார்த்துத்தான் முதன்முதலாகப் படித்தார். முழுதும் படித்துவிட்டு என்னிடம் வந்தார்.

"சார், எங்க வீட்ல ஆடே கிடையாது. வாடகைக்கு மாடியில இருக்கோம்."

நாங்கள் எல்லாரும் குட்டி போடும் நாளைத்தான் சந்தேகப்பட்டிருந்தோம், ஆட்டை அல்ல. வெள்ளாட்டுப் பெண் அவனையே பார்த்துக்கொண்டு நின்றாள். அவன் அசரவில்லை.

"அது பெரியப்பா வீட்டு ஆடு சார்."

அம்மா என் பக்கம் திரும்பினார். "இவங்க அப்பாவுக்கு அண்ணனே கிடையாது சார்."