ரசீது வேண்டாம் என்றவர்

1967 தேர்தலின்போது எனக்குப் பத்து வயது. கோவில்பட்டியில் எங்கள் வீட்டுத் திண்ணைதான் அப்பாவின் கட்சிக்கு வசூல் இடம். தீப்பெட்டி ஆபீஸ் விட்டதும் பெண்கள் வருவார்கள். நாலணா, எட்டணா, எப்போதாவது ஒரு ரூபாய். சனிக்கிழமை கூலி வாங்கிய கையோடு வருகிறவர்கள் அதிகம். நாலணாவுக்கும் அப்பா ரசீது எழுதுவார்: பெயர், தெரு, தொகை, தேதி. அடிக்கட்டையிலும் அதே விவரம். "நாலணாவுக்குப் பேரு எதுக்கு அண்ணாச்சி?" என்று கூச்சப்படுகிறவரையும் விடமாட்டார். ராத்திரி அரிக்கேன் விளக்கடியில் அடிக்கட்டைகளைக் கூட்டுவது என் வேலை. சில்லறையும் கூட்டலும் ஒத்துவந்த பிறகுதான் சோறு.

ஒருநாள் பஞ்சு வியாபாரி ஒருவர் வந்தார். "ஆயிரம் ரூபா இருக்கு. ஜீப்புக்கு வச்சுக்கிடுங்க. ரசீது வேண்டாம்" என்றார்.

"பேரைப் போட்டுத் தாங்க, வாங்கிக்கிடுதேன்."

"அந்தப் பக்கமும் கொடுத்திருக்கேன் அண்ணாச்சி. பேரு வெளிய வந்தா தொழில் பண்ண முடியாது."

அப்பா வாங்கவில்லை. ஜீப்பும் வரவில்லை, சைக்கிளில் தட்டி கட்டிக்கொண்டு போனார்கள். கட்சிப் பையன்கள் அப்பாவோடு மல்லுக்கு நின்றார்கள். அவர்கள் கோபத்திலும் நியாயம் இருந்தது. பணமில்லாமல் தேர்தல் நடக்காது, நாலணாக்களைச் சேர்த்து ஜீப் வாடகை கொடுக்க முடியாது. ஆனால் இரண்டு பக்கமும் கொடுத்துவிட்டு இரண்டு பக்கமும் பெயரை மறைக்கிற மனிதர் ஓட்டுக் கேட்டு நிற்கவில்லை, தேர்தல் முடிந்தபின் கேட்கப்போகிற வேறொன்றுக்காக நிற்கிறார். இதை அப்பா அன்றைக்கே தெரிந்துவைத்திருந்தார்.

பெரிய அளவிலும் பணம் திரண்ட தேர்தல்தான் அது. தி.மு.க.வின் விருகம்பாக்கம் மாநாட்டுக்குள் 10 லட்சம் வேண்டும் என்று அண்ணா கேட்க, கருணாநிதி 11 லட்சம் திரட்டிக் கொடுத்தார். சைதாப்பேட்டை வேட்பாளரான அவர் பெயரை 'பதினோரு லட்சம்' என்றே அண்ணா அறிவித்தார். மேடையில் தொகையைச் சொல்லிப் பெருமைப்பட முடிந்த காலம்.

2021 சட்டமன்றத் தேர்தலில் என் அக்கா மகன் சுயேச்சையாக நின்றான். கணக்கு எழுத நான் போனேன். வேட்பாளர் செலவுக்கு அப்போது உச்சவரம்பு 30 லட்சத்து 80 ஆயிரம் ரூபாய். எங்களுக்கு அதில் பத்தில் ஒரு பங்குகூடத் தேவைப்படவில்லை. தேர்தலுக்கென்று தனி வங்கிக் கணக்கு, தினசரிப் பதிவேடு, 10,000 ரூபாய்க்கு மேல் போனால் காசோலை. நாற்காலி வாடகை எவ்வளவு, டீ எவ்வளவு, சாப்பாட்டுப் பொட்டலம் எவ்வளவு என்று அதிகாரிகளிடம் விலைப்பட்டியல் இருக்கும். நாம் குறைத்து எழுதினாலும் அவர்கள் அந்த விலையைத்தான் போடுவார்கள். முடிவு வந்து 30 நாளுக்குள் கணக்கு ஒப்படைக்காவிட்டால் மூன்று வருடம் தேர்தலில் நிற்கவே முடியாமல் போகலாம். நியாயமான சட்டம். டீயைக்கூட எண்ணட்டும், எனக்கு மகிழ்ச்சியே.

எண்ணாததுதான் என்னை உறுத்துகிறது. கட்சியின் செலவுக்கு உச்சவரம்பு கிடையாது. கட்சிக்கு ஒரு தனிமனிதர் எவ்வளவு கொடுக்கலாம் என்பதற்கும் கிடையாது. கம்பெனிகளுக்காவது ஒரு வரம்பு இருந்தது: மூன்றாண்டு சராசரி லாபத்தில் 7.5 சதவீதம். 2017இல் அதையும் எடுத்தார்கள். நஷ்டத்தில் ஓடும் கம்பெனியும் எவ்வளவு வேண்டுமானாலும் கொடுக்கலாம் என்றாகிவிட்டது. மறுவருடம் கட்சிகளுக்கு நன்கொடை கொடுக்கத் தேர்தல் பத்திரம் வந்தது. ஸ்டேட் பாங்கில் மட்டும் விற்றார்கள். ஆயிரம் ரூபாய்க்கும் உண்டு, ஒரு கோடிக்கும் உண்டு. ஆனால் விற்ற தொகையில் பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் ஒரு கோடிப் பத்திரங்கள். பத்திரத்தில் வாங்கியவர் பெயர் இருக்காது. பஞ்சு வியாபாரி கேட்டதை நாடாளுமன்றம் சட்டமாகவே எழுதிக் கொடுத்துவிட்டது.

2024 பிப்ரவரி 15 அன்று உச்ச நீதிமன்றம் தேர்தல் பத்திரத் திட்டத்தை ரத்து செய்தது. விற்ற பத்திரங்களின் விவரத்தைத் தரச் சொன்னதற்கு ஜூன் 30 வரை பாங்க் அவகாசம் கேட்டது. நீதிமன்றம் மறுத்ததும் மறுநாளே தந்தது. பட்டியல் வந்த அன்று ராத்திரி தூங்காமல் படித்தேன். பா.ஜ.க.வுக்கு ஆறாயிரம் கோடிக்கு மேல். அதிகம் வாங்கியது கோயம்புத்தூரைச் சேர்ந்த லாட்டரி நிறுவனம், 1,368 கோடிக்கு. அதில் 509 கோடி தி.மு.க.வுக்கு என்பது அந்தக் கட்சியே தேர்தல் ஆணையத்திடம் கொடுத்த கணக்கு. தமிழ்நாட்டில் லாட்டரிக்கு 2003இலேயே தடை. 11 லட்சத்தை மேடையில் அறிவித்த கட்சியின் 509 கோடி, நீதிமன்றம் கேட்ட பிறகுதான் மக்கள் கண்ணில் பட்டது. எந்தக் கட்சியை ஆதரிக்கிறவருக்கும் இது வலிக்க வேண்டும்.

அந்தத் தீர்ப்பில் கம்பெனிகளின் 7.5 சதவீத வரம்பும் திரும்பி வந்தது. தனிமனிதருக்கு இன்னும் வரம்பில்லை. ஒருவர் வருடத்துக்கு எல்லாக் கட்சிகளுக்கும் சேர்த்து இவ்வளவுதான் கொடுக்கலாம் என்று ஒரு தொகை வேண்டும், கொடுத்தவர் பெயர் ஒரு வாரத்துக்குள் வெளிவர வேண்டும் என்று அக்கா மகனிடம் சொன்னேன்.

"மாமா, டிரைவர் பேர்லயும் கணக்கப்பிள்ளை பேர்லயும் பிரிச்சுக் கொடுப்பாங்களே?" என்றான்.

"கொடுக்கட்டும். மாசம் பதினைஞ்சாயிரம் சம்பளக்காரர் அஞ்சு லட்சம் எங்கேயிருந்து கொடுத்தார்னு நீ போய்க் கேட்கலாம். கேட்கிறதுக்கு முதல்ல பட்டியல்ல ஒரு பேரு வேணும்."