புல்லில் கால் வைக்காத படிப்பு

உ

கேம்பிரிட்ஜ்
தைப்பூசத்துக்கு மறுநாள்

அன்புள்ள பெரியப்பாவுக்கு,

நான் வாட்ஸப்பில போடுற படங்களைப் பார்த்திட்டு, "பெடியன் படிக்கப் போனவனோ, கலியாண அல்பம் எடுக்கப் போனவனோ?" எண்டு கேட்டனீங்களாம். அம்மா ஒரு சொல்லும் விடாமல் சொல்லிப்போட்டா. அதால இந்தமுறை படம் இல்லை, எழுத்து மட்டும்தான். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஆறுதலா வாசியுங்கோ.

முதலில இந்த ஊரின்ர வயசைச் சொல்லவேணும். ஒக்ஸ்ஃபோர்ட்டில ஊராக்களோட பிரச்சினைப்பட்டு ஓடிவந்த கொஞ்சப் படிப்பாளிகள் 1209இல தொடக்கினதுதான் இந்தப் பல்கலைக்கழகம். சண்டை பிடிச்சுப் பிரிஞ்சு போய்ப் புதுச் சங்கம் தொடக்கிறது எங்கட ஊர்ப் பழக்கம் மட்டுமில்லை எண்டு அறிஞ்சது மனசுக்கு ஆறுதல். ஆகப் பழைய கல்லூரி பீற்றர்ஹவுஸ், 1284ஆம் ஆண்டு. எங்கட வட்டுக்கோட்டைச் செமினரி 1823 எண்டு நீங்கள் நெஞ்சை நிமித்திச் சொல்லுவியள். இஞ்ச 1823 எண்டால் நேற்றுப் பூச்சுப் பூசின சுவர்.

மொத்தம் 31 கல்லூரிகள். ஊர் முழுக்கச் சிதறிக் கிடக்குது. சுற்றுலா வாற ஆக்கள் கல்லூரி வாசலில நிண்டுகொண்டே "பல்கலைக்கழகம் எங்க?" எண்டு கேக்கினம். கல்லூரிக்குள்ள வெட்டி வடிவாக்கின புல்தரை இருக்கும். அதில மாணவர் கால் வைக்கக்கூடாது, கல்லூரியின்ர ஃபெலோக்கள் மட்டும் நடக்கலாம். கலாநிதிப் பட்டம் எடுத்தபிறகும் சிலர் இஞ்சயே கிடந்து முயற்சி செய்யிறது இந்தப் புல்லில ஒருக்கா நடக்கத்தான் எண்டு எனக்குச் சந்தேகம்.

குயீன்ஸ் கல்லூரியில ஒரு மரப்பாலம் இருக்கு, கணிதப் பாலம் எண்டு பேர். ஆணி ஒண்டும் இல்லாமல் நியூட்டன் கட்டினது எண்டு படகு வலிக்கிற பெடியள் வாறவைக்குச் சொல்லுவினம். பாலம் கட்டினது 1749. நியூட்டன் செத்தது 1727. நிலாவரைக் கிணத்தில போட்ட தேசிக்காய் கீரிமலையில மிதக்கும் எண்டு சொல்லுற எங்கட ஆக்களை இனி ஒருத்தரும் பகிடி பண்ணக்கூடாது.

சாப்பாட்டுக்கு வாறன். நல்லூர்க் கோயிலுக்குள்ள போக மேற்சட்டையைக் கழட்டவேணும், இஞ்ச கல்லூரி விருந்துக்குப் போகக் கறுப்பு அங்கி போடவேணும். மெழுகுதிரி வெளிச்சத்தில எல்லாரும் எழும்பி நிக்க, லத்தீனில ஒரு பிரார்த்தனை சொல்லுவினம். கனபேருக்கு அது விளங்காது, ஆனா பக்தியாத் தலை குனிஞ்சு நிப்பினம். சமஸ்கிருதம் விளங்காமல் கோயிலில நிண்டு பழகின எனக்கு அதில ஒரு கஷ்டமும் இருக்கேல்லை.

முதல் விருந்து கந்தசஷ்டி விரதத்துக்குள்ள வந்திட்டுது. அவிச்ச உருளைக்கிழங்கோட சமாளிச்சன். "இராமானுசனைப் பார், 1914இல ட்ரினிற்றிக் கல்லூரிக்குப் போயும் அறையிலயே மரக்கறி சமைச்சுச் சாப்பிட்டவர்" எண்டு நீங்கள் சொல்லி அனுப்பினது ஞாபகம் இருக்கு. உண்மைதான். ஆனா யுத்தகாலத் தட்டுப்பாட்டில மரக்கறியும் கிடையாமல், தனிமையில உடம்பும் கெட்டு, 1917இல வருத்தத்தில விழுந்தவரும் அவர்தான் பெரியப்பா. அவரின்ர மூளை எனக்கில்லை. பிறகேன் அவரின்ர தனிமை மட்டும்? அதால நான் மேசைக்குப் போறன். சாப்பாட்டுக்காக இல்லை, பக்கத்துக் கதிரைக்காக.

அந்தக் கதிரையின்ர பெறுமதியைக் கேளுங்கோ. ஒருநாள் எனக்குப் பக்கத்தில ஒரு வயசான மண்ணியல்காரர் வந்து இருந்தார். கதைக்க ஒண்டும் இல்லாமல், "உங்கட ஊர்த் தண்ணி கேத்திலில வெள்ளையாப் படியுது, எங்கட வீட்டிலயும் அப்பிடித்தான்" எண்டு சொன்னன். மனுசன் கரண்டியை வைச்சிட்டுத் திரும்பினார். இந்த ஊர்த் தண்ணி சுண்ணப்பாறைக்குள்ளால வாறது, எங்கட வலிகாமத்துக் கிணத்துத் தண்ணியும் சுண்ணக்கல்லுக்குள்ளால வாறது. நல்ல தண்ணி மேல நிக்கிறது, ஆழத்தில உப்புத் தண்ணி கிடக்கிறது, தோட்டத்துப் பசளை நைத்திரேற்றாக் கிணத்துக்கு இறங்கிறது, எல்லாத்தையும் விடுத்து விடுத்துக் கேட்டார். பழப் புடிங் வந்ததே எங்களுக்குத் தெரியாது. அடுத்த கிழமை தன்ர ஆய்வுகூடத்துக்குக் கூப்பிட்டார். நான் படிக்க வந்ததே நிலத்தடி நீரைப் பற்றி. அந்தப் படிப்பின்ர பெரிய கதவு ஒரு கேத்தில் கதையில திறந்தது.

பல்கலைக்கழக நூலகத்தைப் பற்றியும் சொல்லவேணும். சிவப்பு ரெலிபோன் பெட்டியைக் கீறின ஜைல்ஸ் கில்பேர்ட் ஸ்கொட்தான் இந்தக் கட்டடத்தையும் கீறினவர். 1934இல திறந்தது, கோபுரம் 48 மீற்றர். இதில அதிசயம், தட்டுப் புத்தகங்களில ஒரு பகுதியை உயரம் பார்த்து அடுக்கியிருக்கினம், பள்ளிக்கூட அசெம்பிளி மாதிரி. நாங்களே உள்ளுக்குப் போய் எடுக்கலாம். ஒரு புத்தகத்தைத் தேடிப் போனால் பக்கத்தில நிக்கிறது கையைப் பிடிச்சு இழுக்கும். 1981இல எரிஞ்ச எங்கட யாழ்ப்பாண நூலகத்தின்ர 97,000 புத்தகங்களுக்குப் பக்கத்திலயும் இப்பிடி ஆரோ தேடாத ஒண்டைக் கண்டெடுத்திருப்பினம். இதில பகிடி இல்லை பெரியப்பா, எழுதாமல் விட மனம் வரேல்லை.

சரி, படிப்பு. ஒரு தவணையில பாடம் நடக்கிறது எட்டுக் கிழமை மட்டும். முதல் வகுப்பில பேராசிரியர் என்னைப் பார்த்து, "நீர் என்ன நினைக்கிறீர்?" எண்டு கேட்டார். எங்கட ஊரில ஒரு வாத்தியார் இந்தக் கேள்வியைக் கேட்டால் அடுத்தது அடி எண்டு அர்த்தம். விடிய ஐஞ்சரைக்கு ஒரு ரியூசன், பள்ளிக்கூடம் விட்டு ரெண்டு ரியூசன், எல்லாத்திலயும் நாங்கள் செய்தது நோட்ஸ் எழுதினது. கடந்தகால வினாத்தாளுக்கு விடை தெரியும், கேள்வி ஒண்டை உண்டாக்கத் தெரியாது. இஞ்ச பிழையா வாய் திறக்கிறவனை மதிக்கினம், சரியா மௌனமா இருக்கிறவனை ஆரெண்டும் தெரியாது.

நீங்கள் பேராதனையில அருணாசலம் விடுதியில இருந்த கதையை எத்தினை தரம் சொல்லியிருப்பியள்! அந்த விடுதிக்குப் பேர் வரக் காரணமான அருணாசலம் இஞ்ச கிறைஸ்ற் கல்லூரியில படிச்சவர், மில்ற்றனும் டார்வினும் படிச்ச அதே கல்லூரி. கேம்பிரிட்ஜில பழக்கமான எட்வேட் கார்ப்பென்ரர் 1890இல இலங்கைக்கு வந்து அவரோட தங்கி, ஒரு பயணப் புத்தகமே எழுதினவர். அருணாசலம் 1906இல இலங்கைக்கு ஒரு பல்கலைக்கழகம் வேணும் எண்டு இயக்கம் தொடக்கினார். அதின்ர முதல் பலனா 1921இல கொழும்பில பல்கலைக்கழகக் கல்லூரி வந்தது. பிறகு அந்தக் கல்லூரியை நடத்த வந்த ஐவர் ஜெனிங்ஸும் கேம்பிரிட்ஜில படிச்ச ஆள். மாணவர் விடுதியில ஒண்டா இருந்து, ஒண்டாச் சாப்பிட்டு, கதைச்சுப் படிக்கவேணும் எண்ட இந்த ஊர் யோசனையைத்தான் அவர் பேராதனையில கட்டடமா எழுப்பினார். அப்ப பாருங்கோ, நீங்கள் விடுதியில இரவிரவா அரசியல் கதைச்சதும் கேம்பிரிட்ஜ் படிப்புத்தான். எனக்கு மட்டும் ஏன் "கதையைக் குறைச்சுப் படி" எண்டு எழுதுறியள்?

குளிரைப் பற்றிப் பெரியம்மா கேட்டவ. மார்கழியில பின்னேரம் நாலு மணிக்கு முதலே இருட்டு. எங்கட வாடைக்காத்து இஞ்சத்தைக் காத்துக்கு முன்னால பாலர் வகுப்பு. சைக்கிள் ஓட்டம் மட்டும் பிரச்சினை இல்லை, ஊர் எங்கட ஊர்போலத் தட்டை, எல்லாரும் சைக்கிள்தான். ஆனா சைக்கிளுக்குச் சமனா பூட்டுக்கும் காசு குடுக்கவேணும். முருங்கைக்காய் வேணுமெண்டால் றெயில் ஏறி லண்டன் போய் ஈஸ்ற்ஹாமில வாங்கவேணும். மிளகாய்த்தூள் முடியிற கட்டத்தில நிக்குது, இதை அம்மாவுக்கு அழுத்திச் சொல்லுங்கோ.

என்ர தீர்ப்பு இதுதான்: பழைய பல்கலைக்கழகத்தின்ர கல்லுச் சுவர் ஒருத்தருக்கும் ஒண்டும் படிப்பிக்காது. கதவைத் தட்டுறவனுக்கும், வேறு துறை விரிவுரையில போய்ப் பின்வாங்கில இருக்கிறவனுக்கும், தெரியாததைக் கேக்க வெக்கப்படாதவனுக்கும்தான் பயன்.

உங்கட விறாந்தையில கணக்குப் படிக்க வாற பெடியள் பெட்டையளிட்ட ஒரு மாற்றம் செய்து பாருங்கோ. ஒவ்வொரு நாளும் கடைசிப் பத்து நிமிசம் நோட்ஸ் கொப்பியை மூடச் சொல்லி, அவையைக் கேள்வி கேக்க விடுங்கோ. நீங்களும் அடிக்கக்கூடாது.

இப்படிக்கு,
உங்கள் அன்பு மகன்