ஒலுவில் துறைமுகத்துக்கு ஒரு வாழ்த்து

துறைமுகமே, நீ வாழி! இலங்கையின் கிழக்குக் கரையில், பாண்டிருப்பிலிருந்து பாடுகிறோம். உனக்கு வடக்கே நிந்தவூர், காரைதீவு, மாளிகைக்காடு, சாய்ந்தமருது, கல்முனை என்று ஊர்கள் வரிசையாகக் கிடக்கின்றன. அவற்றையும் தாண்டித்தான் எங்கள் கரை. இத்தனை ஊருக்கு அப்பாலிருக்கும் கடற்கரையிலும் மணல் குறையும்போதெல்லாம் உன் பெயரைச் சொல்கிறார்கள். தமிழரும் முஸ்லிம்களும் கரைவலை இழுக்கும் இந்தக் கரையில், ஊர் பேதமின்றி எல்லோர் வாயிலும் இருக்கும் பெயர் உன்னுடையது.

நீ பெரிய இடத்துப் பிள்ளை. மறைந்த அமைச்சர் எம்.எச்.எம். அஷ்ரப் கண்ட கனவு. டென்மார்க் கடனாகத் தந்த 46 மில்லியன் யூரோவைக் கொண்டு 2008இல் வேலை தொடங்கி, 2013 செப்டெம்பர் 1ஆம் திகதி திறந்து வைக்கப்பட்டாய். கல்லோயா ஆறு மலையை அரைத்து மணலாக்கி, அதைக் கடலிடம் ஒப்படைத்து, கடல் அதைப் பரப்பி இந்தக் கரையை ஆக்குவதற்கு ஆயிரக்கணக்கான ஆண்டுகள் சென்றன. அந்த ஏற்பாட்டை மாற்றி அமைக்க உனக்கு ஐந்து ஆண்டு போதுமாயிருந்தது. வேகத்தில் ஆறும் உனக்கு ஈடில்லை.

பலத்திலும் அப்படித்தான். எங்கள் கடலில் அலை கரையை நேராக மோதுவதில்லை. பெரும்பாலும் தென்கிழக்கிலிருந்து சாய்ந்து வருகிறது. கரையில் நின்று காலடியைப் பார்த்தால் அதன் வேலை தெரியும். ஏறும் நுரை மணலைச் சரிவாக வடக்கே தள்ளும். இறங்கும் தண்ணீர் அதே மணலை நேரே கீழே இழுக்கும். அடுத்த அலை மறுபடியும் வடக்கே தள்ளும். அலைக்கு அலை கொஞ்சம் கொஞ்சமாக மணல் நடக்கிறது. பருவத்துக்குப் பருவம் அது முன்னும் பின்னும் போனாலும், ஆண்டுக் கணக்கைக் கூட்டிக் கழித்தால் வடக்குத்தான் அதன் திசை. ஒலுவிலில் புறப்பட்ட மணல் நிந்தவூருக்கும், நிந்தவூர் மணல் அதற்கப்பாலும் போய்ச் சேரும். போனதற்கு ஈடாகத் தெற்கிலிருந்து வேறு மணல் வரும். வரவும் செலவும் சரியாக இருந்ததால்தான் கரை நிலையாக இருந்தது.

மழைக்கும் புயலுக்கும் நிற்காத அந்த நடையை நிறுத்தியவன் நீ. கடலுக்குள் கருங்கல் கைகளை நீட்டினாய், மணல் நின்றது. கொடுப்பதிலும் குறை வைக்கவில்லை. தெற்குப் பக்கத்துக்கு மணலை அள்ளிக் கொடுத்தாய், அங்கே கரை வளர்ந்தது. உன் வாசலுக்கும் கொடுத்தாய். படகு நுழைய முடியாதபடி வாய் அடைபட்டு, மணலைத் தோண்டி எடுக்கும்படி மீனவர்கள் கேட்டு நிற்கும் அளவுக்குக் கொடுத்தாய். நீ யாருக்காகக் கட்டப்பட்டாயோ, அந்த வர்த்தகக் கப்பல்கள்தான் வந்து பார்க்கவில்லை.

மணல் வரவு நின்றுபோன வடக்கே உள்ளவர்களுக்கு நீ ஆசிரியன். தென்னைக்கு வேர் எவ்வளவு என்று ஒலுவில்காரர்களுக்குக் காட்டினாய். கடல் கரையைச் செங்குத்தாக அரிந்தபோது, மண்ணுக்குள் இருக்க வேண்டிய வேர்க்கற்றை வெளியே தொங்கியது. அடியில் பிடிப்பில்லாமல் மரம் சாய்ந்தது. காய்க்கிற மரம், ஒரு வீட்டின் வருமானம், குலையோடு அலையில் கிடந்தது. மாளிகைக்காட்டில் மையவாடியின் மதிலையும் கடல் இடித்தது. இறந்தவர்களைக்கூட நிம்மதியாக உறங்க விடாத கடலை இந்த மக்கள் 2004 சுனாமியில் ஒருமுறை பார்த்தார்கள். அது ஒரு காலை நேரத்தில் வந்து போனது. இந்தக் கடல் ஆண்டுதோறும் வருகிறது.

பாண்டிருப்பில் குறைந்த ஒவ்வொரு பிடி மணலையும் உன் கணக்கில் எழுதினால் அது அநியாயம். உனக்கு மூத்தவர்கள் இருக்கிறார்கள். 1949இல் தொடங்கிய கல்லோயாத் திட்டத்தில் இங்கினியாகலையில் எழுந்த அணை வயலுக்குத் தண்ணீர் தந்தது. கடலுக்குப் போக வேண்டிய மணலைத் தன் காலடியில் இருத்திக்கொண்டது. மிச்ச மணலை வீடு கட்டவென்று ஆற்றிலேயே அள்ளினோம். கரையில் அடம்பன் கொடியும் தாழையும் நின்ற இடத்தில் மதிலும் வீதியும் வைத்தோம். அந்தக் குடும்பத்தில் கடைசியாகப் பிறந்து, எல்லோரையும் மிஞ்சியவன் நீ.

உலகத்திலும் உன் குடும்பம் தழைத்துவிட்டது. மனிதர் செய்து குவித்த கொங்கிறீற்று, செங்கல், தார், உலோகம் எல்லாம் சேர்ந்து சுமார் 1.1 டிரில்லியன் தொன். பூமியில் உயிரோடிருக்கும் அனைத்தின் உலர் எடையை அது எட்டிவிட்டது என்று இஸ்ரேலின் வைஸ்மன் ஆய்வு நிறுவனத்தார் 2020இல் கணக்கிட்டார்கள். அமெரிக்கப் புவியியலாளர் பீட்டர் ஹாஃப் இந்தக் கட்டுமானங்களை எல்லாம் சேர்த்து, காற்று மண்டலம், நீர் மண்டலம், உயிர் மண்டலம் என்ற வரிசையில் இன்னொரு மண்டலமாகவே எண்ணினார். மனித யுகம் என்று பூமியின் வரலாற்றில் ஒரு தனிக் காலத்தைப் பிரிக்கும் யோசனையைப் புவியியலாளர்கள் 2024இல் ஏற்கவில்லை. ஏட்டில் அந்தக் காலம் ஏறாவிட்டாலும் உன் வேலை கரையில் ஏறியிருக்கிறது. ஆறு, அலை, காற்று என்று நிலத்தை ஆக்குபவர்களின் வரிசையில் உனக்கும் ஓர் இடம் உண்டு.

அந்த இடத்துக்கு ஒரு கடமையும் உண்டு. ஆறு மணலை எடுத்தால் எங்கேயாவது கொடுக்கிறது. அலை கொண்டுபோவதை அடுத்த கரையில் வைக்கிறது. நீ எடுத்ததைத் திருப்பிக் கொடுக்க வழி இல்லாமலில்லை. தெற்கே சேர்ந்த மணலைக் குழாய் வழியாக வடக்கே கடத்தும் முறை அவுஸ்திரேலியாவின் ட்வீட் ஆற்று முகத்துவாரத்தில் ஆண்டுக்கணக்காக நடக்கிறது. அது ஒருமுறை செய்து முடிக்கும் வேலையல்ல. மணல் நடக்கும் காலம் வரை செய்ய வேண்டியது. டென்மார்க்கின் கடனுக்குத் தவணை எழுதியவர்கள், கடலுக்குத் தர வேண்டிய இந்தத் தவணையையும் உன் செலவுப் புத்தகத்தில் அன்றே எழுதியிருக்க வேண்டும். அரித்த இடத்தில் கல் போட்டால் கடல் அடுத்த ஊரை அரிக்கும். அது கடனை அயலவன் தலையில் கட்டும் வேலை.

துறைமுகமே, ஆற்றுக்குச் சமமாக வளர்ந்த உன்னிடம் ஆற்றின் நேர்மையைத்தான் கேட்கிறோம். உன்னைக் கட்டியவர்களும் ஆளுகிறவர்களும் ஆண்டுதோறும் வடக்குக்குச் சேர வேண்டிய மணலை வடக்குக்கே அனுப்பட்டும். அதன் பிறகு எங்கள் கரைவலைக்காரர் உன்னைப் புகழ்ந்து பாடும் பாட்டில் ஒரு சொல்லும் கசக்காது.